ராஜா ராணி படம் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

"இதெ எப்படி அத்தே மூணு மணி நேரம் இருந்து பாக்குதீங்க?" என்று அண்ணன் மகள் கேட்டாள். ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒருவர் படிக்கட்டில் பின்பக்கமாக ஏறிக்கொண்டே மூன்று காவலர்களோடு வாள் வீசிக்கொண்டிருந்தார். அவர் தோள் பட்டதும் கோட்டைச் சுவர் லேசாக ஆடியது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். உயிர் போகிற இடத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே நிற்கிறான், எதிரியின் வாள் கீழே விழுந்தால் அதைக் காலால் எத்தி அவன் கைக்கே திருப்பிக் கொடுக்கிறான், 'எடு, மறுபடி வா' என்கிறான். சண்டையை விளையாட்டாக ஆடிக் காட்டுகிற இந்தப் பெருந்தன்மை வேறு எந்த வகைப் படத்திலும் இவ்வளவு கிடைக்காது. இதே பெருந்தன்மைக்குப் பின்னால் சில கெட்ட குணங்களும் ஒளிந்திருக்கின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டு பார்ப்பது எப்படி என்று அந்தப் பிள்ளைக்கு அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கே அவள் முழித்தாள், எங்கே நான் வரிசையை மாற்றினேன் என்பதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் 'ராஜா ராணி படம்', 'கத்திச்சண்டைப் படம்' என்று சொல்வோம். மேற்கே இதற்கு வாளும் செருப்பும் என்றே பெயர் விழுந்துவிட்டது. முழங்கால் வரை ஆடை, காலில் வார் வைத்துக் கட்டிய தோல் செருப்பு, கையில் வாள், அவ்வளவுதான் அடையாளம். 1958-இல் இத்தாலியில் 'ஹெர்குலிஸ்' என்றொரு படம் வந்தது. 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கிய அமெரிக்க உடற்பயிற்சிக்காரர் ஸ்டீவ் ரீவ்ஸ் அதில் கதாநாயகன். அடுத்த வருடம் அது அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய வசூல் பண்ணியது. உடனே இத்தாலிக்காரர்கள் 1965 வரைக்கும் இதே மாதிரிப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். பிரெஞ்சு விமர்சகர்கள் இந்தக் கூட்டத்துக்கே 'பெப்ளம்' என்று பெயர் வைத்தார்கள். அது பழைய கிரேக்கப் பெண்கள் உடுத்திய ஒரு ஆடையின் பெயர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். 1959-இல் வந்து 11 ஆஸ்கர் வாங்கிய 'பென்ஹர்' படத்திலும் செருப்பு உண்டு, வாள் உண்டு. 2000-இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்திலும் உண்டு. ஆனால் அவை துக்கம் சுமந்த படங்கள். கதாநாயகன் இழந்ததை நினைத்து நெஞ்சு கனத்துத்தான் வாளை எடுக்கிறான். நான் சொல்லிக்கொண்டிருப்பது இலேசான வகை. அதில் துக்கம் முதல் அரைமணியிலேயே தீர்ந்துவிடும், பிறகு குதிரை, கயிறு, மாடம், குகை, பாட்டு, சண்டை.

இத்தாலிக்காரர்கள் தொடங்குவதற்கு முன்பே தமிழில் இது வேரூன்றிவிட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1948-இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா' வந்தபோது ரோமில் இந்த அலை எழும்பக்கூட இல்லை.

இரண்டாம் படி: எதில் தொடங்குவது

நான் செய்த தவறு, 'நாடோடி மன்னன்' படத்தை முதலில் போட்டதுதான். எம்.ஜி.ஆர். இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்து 1958-இல் வந்தது. அருமையான படம், ஆனால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பழக்கமில்லாத பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டாள். அதை ஐந்தாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு நல்லது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் எடுத்தது, 1956 பொங்கலுக்கு வந்தது. முழுக்க வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் அதுதான். கதை எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் 'அடுத்து என்ன' என்ற கவலை இல்லாமல், எப்படி நடிக்கிறார்கள், எப்படி நகர்கிறார்கள் என்று கவனிக்க நேரம் கிடைக்கும். பானுமதி அதில் வாய் மூடி நிற்கிற பொம்மை இல்லை என்பது இன்னொரு லாபம்.

இரண்டாவதாக 'ஆயிரத்தில் ஒருவன்', பி.ஆர். பந்துலு இயக்கி 1965-இல் வந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் சேர்ந்த படம். கதாநாயகன் ஒரு வைத்தியர். காயம்பட்ட கலகக்காரனுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக அடிமையாகத் தீவுக்குப் போகிறார், அப்புறம் கடற்கொள்ளையராகக் கப்பலில் ஏற வேண்டிவருகிறது. மருந்துப் பெட்டியைப் பிடித்த கை வாளைப் பிடிக்கிறது. அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். 2014-இல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி திரைக்கு வந்தது. அந்தத் துலக்கமான பிரதியைத் தேடிப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் கப்பல் காட்சிகளில் அவர்கள் சொல்லும் விமர்சனத்தையும் கேட்கலாம். பாய் எந்தக் காற்றுக்கு எப்படித் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதாக வெளியே போங்கள்: 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்'. ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன். வாராந்திர வரிசைக்கு வெளியே, நேரம் கிடைக்கும்போது ரீவ்ஸின் 'ஹெர்குலிஸ்'. அதில் நடிப்பு சுமார்தான், கதை இழுவை. ஆனால் கடைசியில் அவர் இரண்டு சங்கிலிகளைக் கையில் சுற்றி இழுத்து அரண்மனைத் தூண்களைச் சாய்க்கிற இடம் இருக்கிறதே, அதற்காகவே உட்காரலாம். நல்ல உடம்பைப் பார்ப்பதே ஒரு கலை அனுபவம் என்று அந்த ஒரு காட்சி காட்டிக்கொடுக்கும்.

வடிவேலுவின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தை (2006) இதற்கெல்லாம் பிறகு போடுங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டால் பழைய படங்கள் எல்லாமே கேலிப்பொருளாகத் தெரியும். இவற்றைப் பார்த்தபின் அதைப் பார்த்தால், எந்த வழக்கத்தை எடுத்து விளையாடுகிறார்கள் என்று புரிந்து இரட்டிப்பாகச் சிரிக்கலாம். என் அண்ணன் மகள் அதைச் சின்ன வயதில் பத்து முறை பார்த்தவள். இப்போது பதினோராவது முறை பார்த்தபோதுதான் அந்த நீளமான அரசவை வசனங்களின் மூலம் எது என்று பிடிபட்டது என்றாள்.

மூன்றாம் படி: டிவியைச் சரிசெய்யுங்கள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்தப் பழைய தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இப்போதைய டிவி அகலமானது. இரண்டையும் பொருத்தச் சில பிரதிகளில் மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், சில டிவிகள் படத்தை இழுத்துப் பரத்திவிடுகின்றன. இழுத்தால் குதிரை பன்றியாகத் தெரியும். வெட்டினால் அதைவிட மோசம், கால்கள் போய்விடும். வாள்சண்டையில் கால் போனால் பாதி சண்டை போனது.

ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டன் இருக்கும். இந்தத் தமிழ்ப் படங்களுக்கு அதில் 4:3 என்று வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அடுத்து, படத்தை வழவழப்பாக்கும் வசதி பல புது டிவிகளில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பழைய படம் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

போனில் பார்க்காதீர்கள். தனியாகவும் பார்க்காதீர்கள். இவை கூட்டத்துக்காக எடுத்த படங்கள். என் பாட்டா இவற்றைப் பார்த்தது அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், மைதானத்தில் திரை கட்டி. வில்லன் மறைந்து நிற்கும்போது ஊரே 'பின்னால பாரு' என்று கத்துமாம். அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டுத்தான் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கதாநாயகன் நுழைந்ததும் ஒரு நொடி சும்மா நிற்பார், பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு நொடி கைதட்டலுக்கானது. தனியறையில் அது வெற்றிடமாகத் தெரியும். நாலு பேர் இருந்தால் நிறைந்துவிடும். ஒரு பாத்திரம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, கூடவே கட்டஞ்சாயா போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் நீளம்.

நான்காம் படி: சண்டையைக் காலிலிருந்து பாருங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் வாளின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். வாள் வேகமாகப் போகும், ஒன்றும் பிடிபடாது. அதனால் முதல் தடவை வாளை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் அடிமுறை என்ற நம் ஊர்ச் சண்டைக்கலையைச் சொல்லித்தரும் ஒரு ஆசான். நம் மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் இன்னும் உயிரோடு இருப்பதால் நமக்கு இப்படி ஒரு வசதி. அவரிடம் ஒரு நாள் பழைய படத்தின் வாள்சண்டை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, இதுல ரெண்டு பேரும் வாளைத்தான் வெட்டுதாவ, ஆளை வெட்டலை. நெசத்துல வாளு ஆளைப் பாத்துல்லா போவணும்." அப்புறம் முற்றத்தில் இறங்கி நின்று ஒற்றைச் சுவடு வைத்துக் காட்டினார். வலது கால் முன்னே, முழங்கால் மடங்கி, குதிகால் தரையில் ஒட்டியும் ஒட்டாமலும். கையில் ஒன்றுமில்லை. ஈர மண்ணில் பெருவிரல் பதிந்த தடம் மட்டும் ஒரு பக்கம் ஆழமாக இருந்தது. உடம்பின் பாரம் எங்கே இருந்தது என்று அந்தத் தடமே சொல்லிற்று. "வாளு இல்லாமலேயே இது சண்டைதான். கால் இல்லன்னா வாளு வெறும் கம்பி" என்றார்.

அந்தத் தடத்தை மனதில் வைத்துக்கொண்டு 'சந்திரலேகா' படத்தின் கடைசி வாள்சண்டையைப் பாருங்கள். ரஞ்சனும் எம்.கே. ராதாவும் மோதுவது. கேமரா தள்ளி நிற்கிறது, தலையிலிருந்து கால்வரை ஆள் தெரிகிறார். ரஞ்சன் வாள் பழகியவர் என்பது அவர் பின்வாங்கும்போதுதான் தெரியும். பின்னால் வைக்கிற கால் தரையைத் தேடுவதில்லை. முன்னேறும்போது யாரும் வீரர் மாதிரித் தெரியலாம், பின்வாங்கும்போதுதான் பயிற்சி வெளியே வரும்.

காலுக்கு அடுத்தபடி, ஒரு ஷாட், அதாவது காட்சியை வெட்டாமல் ஓடவிடும் ஒரு துண்டு, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். வெட்டாமல் ஐந்தாறு வீச்சு தொடர்ந்து வந்தால் நடிகர் உண்மையிலேயே செய்கிறார். இரண்டு நொடிக்கு ஒருமுறை வெட்டினால் எதையோ மறைக்கிறார்கள். இப்போது வருகிற பெரிய செலவுப் படங்கள் பலவற்றில் எனக்கு மனம் ஒட்டாததற்கு இதுதான் காரணம். அவற்றில் உழைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு ஆள் தன் உடம்பால் ஒரு காரியம் செய்து முடிப்பதைக் கண் முழுதாகப் பார்க்க விடுவதில்லை.

கடைசியாக முகம். ஆசான் சொன்னது உண்மைதான், இவர்கள் ஆளை வெட்டுவதில்லை, வாளைத்தான் வெட்டுகிறார்கள். அப்படியானால் இது என்ன? இது பேச்சு. ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார். ஒருவர் வேகம் கூட்டுகிறார், மற்றவர் அதற்குமேல் கூட்டுகிறார். எம்.ஜி.ஆர். சிரிக்கும்போது நம்பியாரின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு முகங்களுக்கு நடுவேதான் சண்டை நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு சுருக்கு வழி உண்டு. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைப் போடுங்கள். கையில் வாள் இல்லை, ஆனால் அது முழுக்க முழுக்க வாள்சண்டையின் இலக்கணத்தில் அமைந்தது. நுழைவு, அளவெடுப்பு, கேள்வி, பதில், வேகம், உச்சம். என் அண்ணன் மகள் பரதம் படித்தவள். வாள்சண்டை அவளுக்குப் பிடிபட்டது அந்த நடனத்துக்குப் பிறகுதான்.

இனி 'ஜேசன்'. அதில் ஏழு எலும்புக்கூடுகள் மண்ணிலிருந்து எழுந்து மூன்று பேரோடு வாள் வீசும். ரே ஹாரிஹவுசன் என்ற ஒருவர் சின்னச் சின்ன பொம்மைகளைக் கையால் நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம் பிடித்து, அந்தக் காட்சிக்கு மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் உழைத்தார். ஒரு நொடிக்கு 24 படம், ஒவ்வொன்றிலும் ஏழு பொம்மைகளின் தலை, கை, கால், கேடயம் எல்லாவற்றையும் மயிரிழை நகர்த்த வேண்டும். நடிகர்கள் முன்னால் எதுவுமே இல்லாத வெறும் காற்றோடு சண்டை போட்டிருக்கிறார்கள். இப்போது பார்க்கும்போது அசைவில் ஒரு சின்ன வெட்டு தெரியத்தான் செய்கிறது. எலும்புக்கூடு அப்படித்தான் நடக்கும் என்று நம்பிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: குறைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பிடித்த படத்தைக் குறை சொல்லக்கூடாது என்று எண்ண வேண்டாம். கூட உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளுக்காகவாவது இவற்றைச் சொல்லியாக வேண்டும்.

அட்டைக்கோட்டை, ஒட்டுத் தாடி, சுருள்முடி டோப்பா, இவை குறைகளே இல்லை. நாடக மேடையிலிருந்து வந்தவை. கோட்டை ஆடினால் ஆடட்டும். இத்தாலிப் படங்களில் வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். ரீவ்ஸின் குரலே ஆங்கிலப் பிரதியில் இன்னொருவருடையது. அதையும் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவோம்.

உண்மையான குறை முதலாவது, காவலாளிகள். கதாநாயகன் வில்லனிடம் காட்டும் பெருந்தன்மையில் ஒரு துளியையும் சாதாரணக் காவலனிடம் காட்டமாட்டார். வில்லனுக்கு விழுந்த வாள் திரும்பக் கிடைக்கும். வாசலில் ஈட்டி பிடித்து நிற்கிறவன் ஒரே வீச்சில் மதிலிலிருந்து விழுவான், அதற்கு நகைச்சுவை இசை வேறு. அவனுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை. இரத்தம் வராததால் நமக்கும் உறுத்துவதில்லை. இலேசான படத்தின் இன்பமே இரத்தம் இல்லாததுதான். அந்த இன்பத்துக்காக யாரை மறக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நானும் அண்ணன் மகளும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம், ஒவ்வொரு படத்திலும் ஒரு காவலனைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்து, கடைசிவரை அவன் என்ன ஆனான் என்று பார்ப்போம். பெரும்பாலும் முதல் பாட்டுக்கு முன்பே போய்விடுவான்.

இரண்டாவது, பெண்கள். இளவரசிக்குத் துணிச்சல் இருக்கும், முதல் பாதியில் குதிரை ஓட்டுவாள், வாதாடுவாள். காதல் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும், அப்புறம் தூக்கிப்போவதற்கும் மீட்டுவருவதற்குமான பொருளாகிவிடுவாள். இத்தாலிப் படங்களில் இன்னும் மோசம். அதிகாரம் உள்ள பெண் என்றாலே மயக்கிக் கெடுக்கும் ராணி. கதாநாயகன் அவளை உதறிவிட்டுப் போனால்தான் நல்லவன். 'சந்திரலேகா' படத்தில் கோட்டையை உடைக்கிற யோசனையே கதாநாயகியுடையது. வீரர்களைப் பெரிய முரசுகளுக்குள் ஒளித்துவைத்து அவற்றின்மேல் ஆடுகிறாள். இப்படி ஒரு படத்தை 1948-லேயே எடுத்தவர்கள் பின்னால் வந்தவற்றில் ஏன் சுருங்கிப்போனார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மூன்றாவது, நிறம். வில்லனின் ஆட்களைக் கறுப்பு மை பூசி நிறுத்துவது, மலைவாழ் மக்களை இறகு சொருகிக் குதிக்க வைப்பது, இதெல்லாம் அக்காலப் படங்களில் தாராளமாக வரும். இதை எந்தக் காரணம் சொல்லியும் கடக்க முடியாது. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகள் இருக்கிற மாவட்டம் நம்முடையது. அந்தப் பிள்ளைகளும் இதே படங்களைத்தான் பார்த்து வளர்ந்தார்கள். அப்படி ஒரு காட்சி வரும்போது நிறுத்திவிட்டு, 'இது தப்பு' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

நான்காவது, அரசியல். கெட்டவன் எப்போதும் மந்திரி, அல்லது தளபதி, அல்லது ராஜகுரு. ராஜா நல்லவர், ஏமாந்தவர். கடைசியில் சரியான ஆள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். சிம்மாசனமே எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். 'நாடோடி மன்னன்' கொஞ்சம் விலகி நிற்கிறது. அதில் ஒரு சாதாரணன் மன்னர் இடத்தில் உட்கார்ந்து மக்களுக்காகச் சட்டம் போடுகிறான். படம் வந்தது 1958 ஆகஸ்டில். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. நேற்றுவரை திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட மண்ணில் இருந்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். சட்டம் வாசிக்கிற காட்சியில் ஒருவரும் இருமக்கூட இல்லை என்று பாட்டா சொல்வார்.

ஆறாம் படி: உண்மையான அரண்மனைக்குப் போய்வாருங்கள்

இந்த வசதி எல்லா ஊருக்கும் கிடைக்காது. தக்கலைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இதுதான். நிர்வாகம் கேரள அரசிடம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நாலைந்து படம் பார்த்து முடித்தபின் போனால்தான் இது பலன் தரும். அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பூமுகத்தைத் தாண்டி ஏணிப்படி போன்ற மரப்படியில் ஏறினோம். மேலே மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு கூடிப் பேசிய அறை. படத்து தர்பார் மண்டபம் மாதிரி நூறு தூண், நூறு அடி நீளம் என்று எதிர்பார்த்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சின்ன அறை, தாழ்ந்த கூரை, வண்ண மைக்கா பதித்த மரச் சாளரங்கள் வழியாக வடிகட்டி வருகிற வெளிச்சம். காலுக்கடியில் கறுப்புத் தரை, சுட்ட சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது. வெறுங்காலுக்குக் கண்ணாடி மாதிரிக் குளிர்ந்தது. ஒரு நிலையைக் கடக்கும்போது குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

தேய்த்துக்கொண்டே, கையில் வாள் இருப்பதுபோல் மெதுவாகத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தாள். விரல் உத்தரத்தில் முட்டியது. "இங்க எப்படி அத்தே வாள் வீச முடியும்?" என்றாள். வீச முடியாது. இங்கே அதிகாரம் குனிந்து உள்ளே வரச்செய்து, தாழ்ந்த குரலில் பேசி நடந்திருக்கிறது. படத்து அரண்மனை அவ்வளவு பெரிதாக இருப்பது சரித்திரத்துக்காக இல்லை, வாள் வீசும் கைக்காகவும் கேமராவுக்காகவும்தான் என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கிவிட்டது. அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய வாள்கள் இருக்கின்றன, குற்றவாளியை நிற்கவைத்துப் பூட்டிய ஆள் உயர இரும்புக் கூண்டும் இருக்கிறது. படங்களில் வராத பகுதி அந்தக் கூண்டு. அதன் முன்னால் நாங்கள் அதிகம் பேசவில்லை.

நேரம் இருந்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்கும் போகலாம். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு இதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, இங்கேயே வாழ்ந்து, 1777-இல் இறந்தார். கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். தோற்ற எதிரியின் கையில் வாளைத் திருப்பிக் கொடுக்கிற காட்சி படத்தில் வந்தால் 'இதெல்லாம் நடக்குமா' என்று கேட்கிறவர்களை நான் இங்கே அழைத்து வருவேன். நடந்திருக்கிறது. கூடவே, அந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள் என்பதையும் சொல்வேன். அந்தக் காலத்துப் போரில் பீரங்கியும் துப்பாக்கியும் முற்றுகையும் பசியும்தான் முடிவு சொல்லின.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வட்டக்கோட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் மதில் நேரே கடலில் இறங்குகிறது. சாயங்காலக் காற்றில் அந்த மதிலில் நடந்தால், பார்த்த எல்லாப் படமும் ஒருமுறை உள்ளே ஓடும். மதிலைத் தட்டிப் பாருங்கள், இது ஆடாது.

ஏழாம் படி: உங்கள் வரிசையை எழுதிவையுங்கள்

வாரம் ஒன்று போதும். அலிபாபா, ஆயிரத்தில் ஒருவன், ஜேசன், சந்திரலேகா, நாடோடி மன்னன் என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு நாள் அரண்மனை. ஒவ்வொரு படம் முடிந்ததும் பிடித்த சண்டை ஒன்று, பொறுக்க முடியாத காட்சி ஒன்று, இரண்டை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் இரண்டும் ஒரே படத்தில் வந்த வாரங்கள்தான் அதிகம்.

ஆறாவது வாரத்துக்கான படத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டிலோ அடுத்த வீட்டிலோ எழுபது வயது தாண்டிய ஒருவர் இருப்பார். எந்தக் கொடையில், எந்த ஊர் மைதானத்தில், யார் தோளில் உட்கார்ந்து எந்தக் கத்திச்சண்டைப் படம் பார்த்தார் என்று கேளுங்கள். அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அவரை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போடுங்கள்.